கேமல் யுஆர்ஐ-களுக்கு டைப் போட்ட கதை

அப்பாச்சி கேமல் 2-இலிருந்து 3-க்கு எங்கள் ரூட்டுகளை மாற்றி முடித்தாயிற்று. அந்த மாற்றத்தோடு, நாங்களே எழுதி வைத்திருந்த டைப்-சேஃப் பில்டர் (தப்பான ஆப்ஷனைக் கம்பைலரே பிடிக்கும்படி யுஆர்ஐ-யைக் கட்டித் தரும் கிளாஸ்கள்) அடுக்கில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது. ஒரு சிறு பகுதி மட்டும் இன்னும் புரொடக்‌ஷனில் ஓடுகிறது. அதிகம் மெனக்கெட்டது போய்விட்டது. பாதி மனதோடு சேர்த்தது நிலைத்துவிட்டது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கேமல் பழகாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கடத்தும் ஜாவா ஃப்ரேம்வொர்க் அது, 2007 முதல் இருக்கிறது. அப்படிக் கடத்தும் ஒரு வழிதான் ரூட். கோப்பு, எஸ்எஃப்டிபி (தொலைவிலிருக்கும் சர்வரோடு கோப்பு பரிமாறும் முறை), க்யூ, ஹெச்டிடிபி எல்லாவற்றையும் ஒரு யுஆர்ஐ (முகவரி) சரமாகவே எழுதுவோம். முதலில் காம்பொனெண்ட் பெயர், அப்புறம் பாதை, ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் & போட்டுக் கோத்த ஆப்ஷன்கள். எழுத எளிது, படிக்கவும் எளிது. ஆனால் கம்பைலருக்கு அது வெறும் ஸ்ட்ரிங்.

எங்களிடம் அறுபதுக்கும் மேற்பட்ட ரூட்டுகள். பெரும்பாலானவை ஒரே மாதிரி: வெளியார் எஸ்எஃப்டிபி-யில் போடும் கோப்பை எடு, ஆக்டிவ்எம்க்யூ க்யூவில் தள்ளு, உள்ளே ஒரு ஹெச்டிடிபி சேவையைக் கூப்பிடு. ஜாவா 8, பில்டுக்கு மேவன். பழைய அப்ளிகேஷன் சர்வரில் மாட்டிக்கொண்டிருந்ததால் அப்போது கேமல் 3-க்குப் போக வழியில்லை.

எங்கே வலித்தது

ஆப்ஷன் பெயரில் எழுத்துப்பிழை என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் குறை. நிஜத்தில் அது சின்னக் குறை. ஃபைல் காம்பொனெண்டில் 'டிலே' (கோப்பைத் தேடும் இடைவெளி) என்பதைத் தப்பாக எழுதினால் ரூட் எழும்பவே எழும்பாது. தெரியாத பாராமீட்டர் இது என்று பெயரோடு எக்ஸெப்ஷன் வந்துவிடும். டெஸ்ட் ஓட்டினாலே மாட்டும்.

சத்தம் போடாத பிழைகள்தான் ஆளைக் கொன்றன. ஹெச்டிடிபி காம்பொனெண்ட் தனக்குத் தெரியாத பாராமீட்டரைப் பிழை என்று சொல்லாது. அதை எதிர் சர்வருக்குப் போக வேண்டிய க்வெரி என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். 'த்ரோஎக்ஸெப்ஷன்ஆன்ஃபெயிலியர்' என்ற ஆப்ஷனின் கடைசியில் ஓர் 'எஸ்' அதிகமாக விழுந்த ஒரு ரூட் எங்களிடம் இருந்தது. ஃபால்ஸ் என்று கொடுத்தும் 404 வந்தால் எக்ஸெப்ஷன் வந்துகொண்டே இருந்தது. அந்தத் தப்புப் பெயர் ஒவ்வொரு அழைப்பிலும் எதிர்ப்பக்க ஆக்சஸ் லாக்கில் போய் விழுந்துகொண்டிருந்ததை அவர்கள் காட்டிய பிறகுதான் பார்த்தோம்.

இரண்டாவது வகை, இடம் மாறிய ஆப்ஷன். கோப்பைப் படிக்கும் பக்கத்துக்கு (கன்ஸ்யூமர்) மட்டும் பொருந்துகிற 'ரீட்லாக்' (இன்னும் எழுதப்படும் கோப்பை எடுக்காமலிருக்கும் காவல்), 'டிலே' போன்றவற்றை எழுதும் பக்கத்து (புரொட்யூசர்) யுஆர்ஐ-யில் போட்டாலும் கேமல் வாய் திறக்காது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ட்பாயிண்ட் கிளாஸ்தான். மதிப்பு போய் உட்கார்ந்துகொள்ளும், யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். யாரோ காப்பி-பேஸ்ட் செய்த ரூட்டுகளில் இது நிறையவே கிடந்தது.

மூன்றாவது, அலகு. ஃபைல் கன்ஸ்யூமரின் 'டிலே' இயல்பாக 500. மில்லிசெகண்ட். எஃப்டிபி-யின் 'கனெக்ட்டைம்அவுட்' 10000, அதுவும் மில்லிசெகண்ட். இதற்கு நடுவில் 'டைம்யூனிட்' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதை செகண்ட்ஸ் என்று மாற்றினால் 'டிலே'யும் 'இனிஷியல்டிலே'யும் செகண்டாகிவிடும், மற்றவை அப்படியே மில்லிசெகண்டில் நிற்கும். ஒரே வரியில் இரண்டு அலகுகள்.

முதலில் செய்திருக்க வேண்டியது

கேமல் 2-இன் மேவன் ப்ளகினில் 'வேலிடேட்' என்று ஒரு கோல் (மேவனிடம் சொல்லி ஓட்டும் ஒரு வேலை) இருந்தது; கேமல் 3-இல் அது கேமல்-ரிப்போர்ட் ப்ளகினுக்குப் போய்விட்டது. சோர்ஸ் கோடைப் படித்து, அதில் இருக்கும் யுஆர்ஐ-களைக் கேமலின் கேட்டலாகோடு (எந்தக் காம்பொனெண்டுக்கு என்னென்ன ஆப்ஷன் என்ற பட்டியல்) ஒப்பிட்டு, தெரியாத ஆப்ஷன், தப்பான ஈனம் (enum, குறித்த சில மதிப்புகளில் ஒன்றை மட்டும் ஏற்கும் டைப்) மதிப்பு, எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து என்று சொல்லிவிடும். அப்ளிகேஷனை ஓட்டவே தேவையில்லை. பிழை இருந்தால் பில்டு உடைய வேண்டும் என்றால் 'ஃபெயில்ஆன்எரர்' என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். இயல்பில் அது வெறுமே எச்சரித்துவிட்டுப் போகும்.

மேவனின் பாம் (pom.xml) கோப்பில் பத்துப் பதினைந்து வரி. எங்கள் எழுத்துப்பிழைகளில் பெரும்பாலானவை அங்கேயே மாட்டின. எழுத்துப்பிழை மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஏபிஐ எதுவும் தேவையில்லை. ப்ளஸ் போட்டு ஸ்ட்ரிங்குகளை ஒட்டி, நடுவில் மெதட் கூப்பிட்டு உருவாக்கும் யுஆர்ஐ-களை மட்டும் அதனால் படிக்க முடியாது. 'என்னால் முடியவில்லை' என்று தனியாக ஓர் எண்ணிக்கை காட்டும். எங்களிடம் அந்த வகை கணிசம். இடம் மாறிய ஆப்ஷன், அலகு, வேண்டுமென்றே க்வெரியை வழியவிடும் ஹெச்டிடிபி, இந்த மூன்றுக்கும் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

கையால் எழுதிய முதல் பில்டர்

எஸ்எஃப்டிபி கன்ஸ்யூமருக்கு மட்டும் ஒரு கிளாஸ். ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் ஒரு ஃபீல்டு, ஃபீல்டிலேயே கேமலின் இயல்பு மதிப்பு, கடைசியில் எல்லாவற்றையும் கோத்து யுஆர்ஐ-யாகத் தரும் மெதட். பார்க்க நன்றாக இருந்தது. வெளியே வந்த யுஆர்ஐ-யோ திரையின் இரண்டு பக்கமும் தாண்டி ஓடியது, யாரும் கேட்காத ஆப்ஷன்களோடு. நீளம்கூடப் பரவாயில்லை. கேமலின் அடுத்த பதிப்பில் ஓர் இயல்பு மதிப்பு மாறினால், எங்கள் கிளாஸ் பழைய மதிப்பையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். ஃபீல்டுகளைத் தூக்கிவிட்டு, கொடுத்த ஆப்ஷன் மட்டும் போய் உட்காரும் ஒரு லிங்க்டுஹாஷ்மேப் வைத்தோம். கொடுக்காதது யுஆர்ஐ-யில் வராது. இந்த முடிவைக் கடைசிவரை மாற்றவில்லை.

அப்புறம் கட்டாய ஆப்ஷன். ஹோஸ்ட் கொடுக்காமல் எஸ்எஃப்டிபி இல்லை. கொடுத்தாரா இல்லையா என்பதை ஜெனரிக் டைப்பிலேயே சுமக்கும் வித்தை உண்டு: ஹோஸ்ட் வைக்காதவரை பில்டரின் டைப் பாராமீட்டர் 'அன்செட்', வைத்ததும் 'செட்'. எல்லாம் செட் ஆனால்தான் 'பில்டு' கிடைக்கும். வேலை செய்தது. ஹோஸ்டை விட்டுவிட்டவருக்கு ஜாவா கம்பைலர் என்ன சொல்லும் தெரியுமா? இந்த டைப்பை அந்த டைப்பாக மாற்ற முடியாது என்று கோண அடைப்புக்குள் நாலைந்து அன்செட், செட் வரிசையாக. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்துவிட்டு மேவன் கேஷைத்தான் காலி செய்யப் போனான்.

கட்டாயமானவை எல்லாம் ஃபேக்டரி மெதடின் ஆர்குமெண்டுகள் என்று மாற்றினோம். எஸ்எஃப்டிபி என்றால் ஹோஸ்ட், போர்ட், ஃபோல்டர். விட்டுவிட்டால் ஆர்குமெண்ட் போதவில்லை என்று கம்பைலர் சொல்லும். அது எல்லோருக்கும் புரிகிற மொழி. கட்டாய ஆப்ஷன்கள் ஏழெட்டு இருக்கும் ஏபிஐ என்றால் இது சரிப்படாது. கேமலில் ஒன்று, இரண்டைத் தாண்டுவது அபூர்வம்.

ஜெனரேட்டர்

கையால் எழுதிக்கொண்டே போக முடியாது. க்யூக்களுக்கான ஜேஎம்எஸ் காம்பொனெண்ட் ஒன்றுக்கே எண்பதுக்கும் மேல் ஆப்ஷன்கள். நல்ல வேளையாக, கேமல்-கேட்டலாக் ஜாரைத் திறந்தால் ஒவ்வொரு காம்பொனெண்டுக்கும் ஒரு ஜேசன் கோப்பு இருக்கிறது. ஆப்ஷனின் பெயர், ஜாவா டைப், பாதையில் வருவதா கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதா, கட்டாயமா, ரகசியமா, கைவிடப்பட்டதா, ஈனம் என்றால் என்னென்ன மதிப்புகள், இயல்பு மதிப்பு என்ன, விளக்கம் என்ன, எல்லாம் அதில் உண்டு. ஜாக்சன் வைத்துப் படித்து, ஜாவாபோயட் வைத்துக் கிளாஸ் எழுதினோம். மேவனில் 'ஜெனரேட்-சோர்சஸ்' கட்டத்தில் ஓடும்; உருவான ஃபோல்டரை சோர்ஸாகச் சேர்க்க பில்டு-ஹெல்பர் ப்ளகின். பணச் செலவு இல்லை. முழு பில்டு சுமார் பதினைந்து செகண்ட் கூடியது.

ஒரு காம்பொனெண்டுக்கு இரண்டு கிளாஸ்: ஒன்று கன்ஸ்யூமர், ஒன்று புரொட்யூசர். ஆப்ஷன் எந்தப் பக்கம் என்பதை ஜேசனின் 'க்ரூப்' ஃபீல்டை வைத்து முடிவு செய்தோம். கோடு உருவானது, கம்பைல் ஆனது. புரொட்யூசர் கிளாஸில் புள்ளி வைத்துப் பார்த்தால் 'ரீட்லாக்' பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. எதற்காக இத்தனையும் செய்தோமோ அதுவே இல்லை! 'ரீட்லாக்' இருக்கும் க்ரூப் 'லாக்'. 'டிலே' இருக்கும் க்ரூப் 'ஷெட்யூலர்'. எந்தப் பக்கம் என்ற தகவல் பக்கத்திலேயே இருக்கும் 'லேபிள்' ஃபீல்டில், 'கன்ஸ்யூமர், லாக்' என்று காற்புள்ளி போட்டு இருந்தது. க்ரூப் என்பது ஆவணப் பக்கத்தில் தலைப்பு போடுவதற்கு. லேபிளை உடைத்துப் படித்ததும் சரியானது. இதை மறுபடி ஓட்டியபோது காப்பி-பேஸ்ட் ரூட்டுகள் வரிசையாகக் கம்பைல் ஆகாமல் சிவப்பாகின. இந்தத் திட்டத்தில் மனம் நிறைந்த நேரம் என்றால் அதுதான்.

லேபிளில் 'அட்வான்ஸ்டு' என்றும் வரும். அவற்றை ஓர் 'அட்வான்ஸ்டு' மெதடுக்குப் பின்னால் தள்ளினோம். இல்லாவிட்டால் இன்டெல்லிஜேயில் புள்ளி வைத்ததும் விழும் பட்டியலில் வேண்டியதைத் தேடுவதைவிட ஆவணத்தைப் படிப்பது சீக்கிரம் முடிந்துவிடும்.

ஈனம்களில் ஒரு சின்னச் சிக்கல்: 'ஐடெம்பொடெண்ட்-சேஞ்ச்டு' என்று நடுவில் கோடு போட்ட மதிப்புகள் உண்டு. ஜாவா பெயரில் கோடு வராது. பெயர் ஒன்று, யுஆர்ஐ-யில் எழுதும் மதிப்பு ஒன்று என்று ஈனமுக்குள் தனியாக வைத்தால் தீர்ந்தது. பெரிய சிக்கல் வேறு. எஃப்டிபி-யின் 'ரீட்லாக்' பட்டியலில் 'ஃபைல்லாக்' என்ற மதிப்பும் இருக்கிறது. அது ஜாவாவின் என்ஐஓ ஃபைல்லாக். எஃப்டிபி-க்குப் பொருந்தாது என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஃபைலும் எஃப்டிபியும் ஒரே தாய் கிளாஸிலிருந்து வருவதால் பட்டியல் அப்படியே இறங்கிவிட்டது. ஜெனரேட்டர் அதை நம்பி எஃப்டிபி-க்கும் ஓர் ஈனம் மதிப்பு செய்து கொடுக்கிறது. கம்பைலர் சம்மதித்துவிட்டதே என்று ஆளும் அதைப் போடுகிறார். மூலத்தில் இருக்கும் பொய், டைப் ஆனதும் உண்மை மாதிரி நடமாட ஆரம்பித்துவிடும். விலக்க வேண்டியவற்றை எழுத ஒரு சிறிய யாமல் கோப்பு வைத்தோம்; ஜெனரேட்டர் அதைப் படித்துவிட்டு இந்தக் காம்பொனெண்டில் இந்த மதிப்பு வேண்டாம் என்று கழித்துவிடும். 'டைம்யூனிட்' ஆப்ஷனையும் அதே கோப்பில் போட்டு எல்லா இடத்திலிருந்தும் தூக்கினோம்.

அலகுக்கு ஜாவாவின் 'டியூரேஷன்' டைப். கேமல் 2-இன் கேட்டலாகில் 'டிலே' வெறும் இன்டிஜர். அது நேரம் என்பதற்கு விளக்க வாக்கியத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை. விளக்கத்தில் 'மில்லி' என்று வரும் எண் ஆப்ஷன்களை ஜெனரேட்டரே பட்டியலிட, நாங்கள் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டவை மட்டும் யாமலுக்குப் போயின. அலுப்பான வேலைதான். ஒருமுறை செய்தால் போதும் என்பதால் செய்தோம்.

ஹெச்டிடிபி-க்கு, எதிர்ப்பக்கம் போக வேண்டிய க்வெரிக்கென்று தனி மெதட்: 'க்வெரி', பெயர், மதிப்பு. ஆப்ஷன் வேறு, க்வெரி வேறு. அந்த 'எஸ்' பிழை இனி நடக்க வழியில்லை.

பாஸ்வேர்டில் இருந்த ப்ளஸ்

கேமல் யுஆர்ஐ-யில் + என்பது படிக்கும்போது காலி இடமாகிவிடும், & என்பது அடுத்த ஆப்ஷனைத் தொடங்கிவிடும். பாஸ்வேர்டில் இவை இருந்தால் லாகின் விழும், எதனால் என்றும் தெரியாது. பில்டர் நம் கையில் இருப்பதால் எல்லா மதிப்பையும் யுஆர்எல்என்கோடர் வழியாக அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. அனுப்பினோம். பாஸ்வேர்டை ப்ராப்பர்ட்டி கோப்பிலிருந்து எடுக்கும் ரூட்டுகள் அத்தனையும் படுத்துவிட்டன. காரணம் வரிசை: கேமல் முதலில் யுஆர்ஐ சரத்தில் இரட்டை நெளி அடைப்பைத் தேடி பிளேஸ்ஹோல்டரை நிரப்பும், அதற்கப்புறம்தான் யுஆர்ஐ-யைப் பிரிக்கும். என்கோடர் அடைப்புக்குறிகளை %7B ஆக்கிவிட்டதால் நிரப்ப வேண்டிய இடமே அதன் கண்ணில் படவில்லை. பிரிக்கும்போது மறுபடி அடைப்புக்குறியாகி, பிளேஸ்ஹோல்டரின் பெயரே பாஸ்வேர்டாகச் சர்வருக்குப் போயிருக்கிறது.

சரி, என்கோடிங்கை விட்டு, கேமலே தரும் 'ரா' வடிவத்துக்குத் திரும்பினோம். மதிப்பை ரா( ) என்று சுற்றிவிட்டால் உள்ளே இருப்பதை அது தொடாது. பிளேஸ்ஹோல்டர் அதற்கு முன்பே நிரம்பிவிடுவதால் இரண்டும் ஒத்துப்போகும். கேட்டலாகில் ரகசியம் என்று குறித்த எல்லா ஆப்ஷனுக்கும் பில்டரே இதைச் சுற்றிவிடும். எழுதுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதே குறியை வைத்து, பில்டரை லாகில் அச்சிட்டால் ரகசிய மதிப்புகளுக்குப் பதில் நட்சத்திரம் வரும்படி செய்தோம். முதல் பதிப்பில் இது இல்லை. டீபக் லாகில் பாஸ்வேர்டு பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்துத்தான் சேர்த்தோம்.

டைப் முடிகிற இடம்

இதுவரை சொன்னதெல்லாம் கோடில் மதிப்பு நேராக எழுதப்பட்டிருந்தால் சரி. நிஜத்தில் எங்கள் மதிப்புகளில் முக்கியமான அத்தனையும் வெளியே, ப்ராப்பர்ட்டி கோப்பில். டெஸ்ட்டுக்கு ஒன்று, புரொடக்‌ஷனுக்கு ஒன்று. 'டிலே' மெதட் டியூரேஷன் கேட்கிறது. கையில் இருப்பதோ இரட்டை அடைப்புக்குள் ஒரு பெயர்.

எளிய வழி, ஒவ்வொரு மெதடுக்கும் ஸ்ட்ரிங் வாங்கும் இரட்டை (அதே பெயரில் இன்னொரு மெதட்) ஒன்று. கேமல் 3-இல் கேமலே தரும் பில்டர்களான எண்ட்பாயிண்ட் டிஎஸ்எல் பின்னால் இதைத்தான் செய்தது. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்ட்ரிங் வாசலைத் திறந்துவிட்டால் எல்லோரும் அதன் வழியாகவே வருவார்கள். டியூரேஷன் எழுதச் சோம்பல்பட்டு மேற்கோளுக்குள் 5000 என்று எழுதுவார்கள்.

அதனால் 'ப்ராப்' என்று ஒரு சின்ன டைப். கீயின் பெயர், எதிர்பார்க்கும் டைப், இரண்டையும் சுமக்கும். 'டிலே' மெதட் டியூரேஷன் வாங்கும், அல்லது டியூரேஷனுக்கான ப்ராப் வாங்கும். வெறும் ஸ்ட்ரிங் வாங்காது. யுஆர்ஐ-யில் அது வழக்கமான பிளேஸ்ஹோல்டராகவே எழுதப்படும். கூடவே, உருவான ப்ராப் ஒவ்வொன்றும் ஒரு பட்டியலில் பதிவாகும். ரூட்டுகள் எழும்புவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை எடுத்து, கீ இருக்கிறதா, மதிப்பு சொன்ன டைப்புக்கு மாறுகிறதா என்று பார்ப்போம். முதல் பிழையிலேயே நிற்காமல் எல்லாப் பிழையையும் சேர்த்து ஒரே செய்தியாகச் சொல்லும். ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி ரீஸ்டார்ட் செய்யும் கொடுமை பெரிய சர்வர்களில் தெரியும்.

இதில் ஒரு விதியைப் பிற்பாடு சேர்த்தோம். டெஸ்ட் சூழலில் வெளியாருடைய எஸ்எஃப்டிபி சர்வரை எங்கள் ரூட் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது; அவர்கள் எங்கள் ஐபி-யைத் தடுத்துவிட்டார்கள். கோப்பைப் பார்த்தால் டிலே மதிப்பு 30. ஆபரேஷன்ஸில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அண்ணா, முப்பதுன்னா முப்பது செகண்டுதானே?” என்றான். அவன் கேட்டதில் என்ன தப்பு? 30 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை யாராவது கோப்பு தேடுவார்களா? ஜாவா கோடில் டியூரேஷன் டைப் அழகாக நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் அலகில்லாத எண் நுழைந்துவிட்டது. அதிலிருந்து, நேரத்துக்கான ப்ராப் என்றால் அலகு கட்டாயம். 30எஸ், 5எம் என்று எஸ், எம் போட்டு எழுத வேண்டும். கேமலுக்கே இந்த வடிவம் புரியும் என்பதால் மாற்றித் தர வேண்டியதில்லை. வெறும் எண் வந்தால் அப்ளிகேஷன் எழும்பாது. “கீ இது, மதிப்பு 30, செகண்டா மில்லிசெகண்டா என்று எழுதவும்” என்று சொல்லும்.

பீன் (பெயரிட்டுப் பதிவு செய்த ஆப்ஜெக்ட்) ரெஃபரன்ஸுக்கும் இதே முறை. கோப்பு வடிகட்டி ஒன்றை யுஆர்ஐ-யில் # போட்டுப் பெயரால்தான் சொல்ல முடியும். ஸ்ட்ரிங்குக்குள் ஆப்ஜெக்டை வைக்க முடியாதே. 'ரெஃப்' என்று ஒரு டைப், அதில் பெயரும் எதிர்பார்க்கும் இன்டர்ஃபேஸும். எழும்பும்போது ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பெயரில் அந்த டைப் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.

அல்லது-அல்லது

ஃபைல் கன்ஸ்யூமரில் படித்து முடித்த கோப்பை என்ன செய்வது என்பதற்கு 'டிலீட்', 'மூவ்', 'நோஆப்' என்று மூன்று ஆப்ஷன். டிலீட்டையும் மூவையும் சேர்த்துக் கொடுத்தால் எழும்பும்போது திட்டும். ஜெனரேட்டர் மூன்றுக்கும் மூன்று மெதட் தரும், சேர்த்துப் போடுவதையும் அனுமதிக்கும். அதனால் ஃபைல், எஃப்டிபி, எஸ்எஃப்டிபி மூன்றுக்கு மட்டும் மேலே கையால் ஒரு மெல்லிய படலம்: 'முடிந்ததும்' என்று ஒரே மெதட், அதற்கு அழி, நகர்த்து, விட்டுவை என்ற மூன்றில் ஒன்று. இரண்டைக் கொடுக்க இடமே இல்லை. 'ரீட்லாக்'கும் அப்படியே. 'மின்ஏஜ்' என்பது 'சேஞ்ச்டு' முறைக்கு மட்டும் பொருந்துவது. ஆகவே 'சேஞ்ச்டு' என்று தேர்ந்தெடுத்தவருக்குத்தான் அந்த மெதட் தென்படும். 'டைம்அவுட்' என்பது 'செக்இன்டர்வெல்'லைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை டைப்பால் சொல்ல முடியாது, அதை மட்டும் ஓட்டத்தில் ஓர் இஃப் பார்த்துக்கொள்ளும். இயல்பில் 10000-மும் 1000-மும். ஒன்றை மட்டும் மாற்றுபவர்கள்தான் மாட்டுவார்கள்.

ரூட்டுகளை மாற்றியது

'ஃப்ரம்' எங்கள் தாய் கிளாஸில் இருப்பதால் கன்ஸ்யூமர் பில்டரை வாங்கும் இரட்டையைச் சேர்த்துவிட்டோம். 'டு' கேமலின் உள் கிளாஸில் இருக்கிறது. அதில் கை வைக்க முடியாது. ஆகவே புரொட்யூசர் பக்கம் கடைசியில் 'யுஆர்ஐ' மெதடைக் கூப்பிட்டு ஸ்ட்ரிங்காக்கிக் கொடுத்தோம். அழகில்லை. அதோடு, பழைய மாதிரி மேற்கோள் போட்டு எழுதுவதையும் கம்பைலர் தடுக்காது. சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்டும் டெஸ்ட்டும் தானாக ஓடும் இடம்) ஒரு கிரெப் (வரிகளில் எழுத்துகளைத் தேடும் கட்டளை) வைத்தோம்: 'டு' என்ற சொல், திறக்கும் அடைப்பு, மேற்கோள், இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால் பில்டு விழும். சிரிக்க வேண்டாம், இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது.

மாற்றும்போது பழைய யுஆர்ஐ-யும் புதியதும் ஒன்றுதானா என்று உறுதி செய்ய, கேமலின் 'யுஆர்ஐசப்போர்ட்' கிளாஸில் இருக்கும் 'நார்மலைஸ்யுஆர்ஐ' போதுமானது. அது ஆப்ஷன்களை வரிசைப்படுத்தித் தருவதால், எழுதிய ஒழுங்கு மாறியிருந்தாலும் ஒப்பிடலாம். ரூட்டுக்கு ஒரு டெஸ்ட். இரண்டு சரமும் சமமாக வர வேண்டும். ரா சுற்றிய பாஸ்வேர்டுகள் மட்டும் வேறாக வரும், அவற்றைக் கண்ணால் பார்த்தோம். மற்றபடி வேறாக வந்தவை எல்லாம் பழைய ரூட்டில் இருந்த தப்புகள்.

ஸ்ப்ரிங் எக்ஸ்எம்எல்-இல் எழுதிய சில ரூட்டுகளை அப்படியே விட்டுவிட்டோம். அங்கே பில்டர் நுழையாது. 'வேலிடேட்' கோல் பார்த்துக்கொள்கிறது.

கேமல் 3 வந்தபின்

2019 நவம்பரில் வந்த கேமல் 3.0-இலேயே எண்ட்பாயிண்ட் டிஎஸ்எல் இருந்தது. நாங்கள் அங்கே போய்ச் சேர நாளாயிற்று. 'எண்ட்பாயிண்ட்ரூட்பில்டர்' என்ற கிளாஸை நீட்டித்தால் எல்லாக் காம்பொனெண்டுக்கும் பில்டர் தயார். கன்ஸ்யூமர், புரொட்யூசர் தனித்தனி, அட்வான்ஸ்டு தனி, 'டு'வும் பில்டரையே நேராக வாங்கிக்கொள்ளும். எங்கள் ஜெனரேட்டர் செய்ததை அதே கேட்டலாக் தகவலிலிருந்து, எங்களைவிட நன்றாக, அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டரை அன்றே ரெப்போவிலிருந்து அழித்தோம். கொஞ்சம் வயிறெரிந்தது என்பது உண்மை.

எங்கள் பழைய அடுக்கில் நிலைத்தவை மூன்று. 'முடிந்ததும்', 'ரீட்லாக்' மெல்லிய படலம்; இப்போது அது கேமலின் பில்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. எழும்பும்போது ப்ராப் சரிபார்ப்பு; கேமலின் ஸ்ட்ரிங் இரட்டைக்குப் பிளேஸ்ஹோல்டர் போகிறது, ஆனால் அந்தச் சரத்தை ப்ராப் மட்டும்தான் தர வேண்டும் என்று டீமில் ஒப்பந்தம். அலகு விதி. மூன்றும் சேர்ந்து நானூறு வரிக்குள்தான் இருக்கும்.

மறுபடி செய்வதானால் 'வேலிடேட்' கோலை முதல் நாளே சிஐ-யில் போடுவேன். இரண்டாவதாக ப்ராப் சரிபார்ப்பு, அதற்கு எந்த பில்டரும் தேவையில்லை. ரூட் ஸ்ட்ரிங்காகவே இருந்தாலும் ஓடும். எங்களைப் புரொடக்‌ஷனில் காப்பாற்றியவை பெரும்பாலும் அதில் விழுந்த பிழைகளே. ஜெனரேட்டரை முப்பது காம்பொனெண்டுக்கு ஓட்டாமல் நாங்கள் நிஜமாகப் பயன்படுத்தும் ஆறேழுக்கு மட்டும் ஓட்டுவேன். விலக்குப் பட்டியல் யாமலில் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று ஒரு கருத்து எழுதச் சொல்லியிருப்பேன். இப்போது படிக்கையில் சில வரிகள் எதற்கு என்று எங்களுக்கே தெரியவில்லை.

இன்னும் பாக்கி இருப்பது காஃப்கா (செய்திகளை வரிசையாகச் சேமித்துப் பலருக்கும் தரும் சிஸ்டம்). அங்கே க்ரூப் ஐடி, ஆஃப்செட் ரீசெட், ஆட்டோ கமிட் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். ஆஃப்செட் ரீசெட் இயல்பாக 'லேட்டஸ்ட்' என்பதால், புது க்ரூப் ஐடி வைத்தவர் பழைய செய்திகளைக் காணோம் என்று வந்து நிற்பார். இதற்கும் ஃபைலுக்குச் செய்தது போல 'எங்கிருந்து தொடங்க' என்று ஒரே மெதடைக் கட்டாய ஆர்குமெண்டாக வைத்துப் பார்க்கப் போகிறேன்.